கூடாரத்துக்கு எத்தனை குடம் தண்ணீர்?



கோடை விடுமுறை தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் பூசை உடைகளைக் களைந்துகொண்டிருந்தோம். அறை வாசலில் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றனர். அவர்களுள் ஒருவன் கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். அலையலையாய் மணல்மேடு, அதன் அடியில் வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள், தொலைவில் ஓர் ஒட்டகம், மேலே வானம் கொள்ளாத விண்மீன்கள். "ஃபாதர், இப்படி ஓர் இடத்தில் மூன்று இரவு கூடாரமடித்துத் தங்கவேண்டும். நீங்கள்தான் அழைத்துச் செல்லவேண்டும்" என்றான்.

அது இராஜஸ்தான் மாநிலத்துப் பாலைவன தேசியப் பூங்காவின் அருகே எடுத்த படம். ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய இரு மாவட்டங்களிலுமாக 3,162 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் பெருநிலம் அது. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் என்னும் பெரும்பறவைக்கு இன்று இந்தியாவில் எஞ்சியுள்ள முக்கியப் புகலிடமும் அதுவே. மே மாதத்தில் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். சனவரி இரவுகளிலோ 10 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். இரயில் கட்டணத்தையும் வழிப்பயண நாட்களையும் கணக்கிட்டுப் பார்த்ததும் பிள்ளைகள் தாங்களே சிரித்துவிட்டனர். "சரி ஃபாதர், ஜெய்சல்மேர் வேண்டாம். நம்முடைய மலையடிவாரமே போதும். மே மாதம் செண்பகத்தோப்புப் பக்கம் போவோம். ஓடைக்கரையில் கூடாரம் அடிப்போம். இரவில் தீ மூட்டிச் சுற்றியிருந்து பாடுவோம்" என்றனர்.

நாம் ஒன்றே ஒன்று கேட்டோம்: "எத்தனை குடம் தண்ணீர் கொண்டுபோவீர்கள்?"

அவர்களுக்கு வியப்பு. "ஓடைக்கரையில்தானே தங்கப்போகிறோம்! தண்ணீர் அங்கேயே இருக்குமே" என்றான் மன்றத் தலைவன். மற்றவர்கள் நகைத்தனர். நமக்கு நகைக்க இயலவில்லை. ஏனென்று இந்த மாதம் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், குருப்பட்டம் பெற்று இரண்டொரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வேறொரு பங்கில் துணைப் பங்குத்தந்தையாக இருந்தோம். பீடச்சிறுவர்களும் மறைக்கல்வி மாணவர்களுமாக நாற்பது பேரை ஒரு மே மாதத்தில் மலையடிவாரம் ஒன்றுக்கு முகாமுக்கு அழைத்துச் சென்றோம். அந்த இடத்தைச் சனவரியில் ஒருமுறை பார்த்திருந்தோம். முழங்கால் ஆழத்துக்குத் தெளிந்த நீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் திட்டமிட்டோம். பாட்டுப் புத்தகம் எடுத்துச் சென்றோம். கிரிக்கெட் மட்டை எடுத்துச் சென்றோம். ஒலிபெருக்கி கூட எடுத்துச் சென்றோம். தண்ணீர் மட்டும் வழிக்குப் போதுமான அளவே இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது ஓடையில் வெண்மணலும் காய்ந்த பாசியுமே கிடந்தன. திரும்பிவிடலாம் என்று வண்டியோட்டி சொன்னார். பிள்ளைகளின் முகம் வாடுமே என்று நாம் மறுத்தோம். "மேலே சற்று நடந்தால் சுனை இருக்கும், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி, உச்சிவெயிலில் அவர்களை நடத்திச் சென்றோம். சுனை இல்லை. திரும்பும் வழியில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தள்ளாடினான், ஏதேதோ பிதற்றினான், பிறகு விழுந்துவிட்டான். அவன் உடல் அனலாய்க் கொதித்தது. வியர்வை சொட்டுக்கூட இல்லை. தோப்பு வேலைக்கு வந்திருந்த ஒரு டிராக்டரில் அவனை ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் கழித்தே அவன் கண் விழித்துத் தாயை அடையாளம் கண்டான்.

பிழைத்துக்கொண்டான், இறைவனுக்கு நன்றி. ஆனால் முதல்நாள் இரவு அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவன் தாய் நம்மைக் கேட்ட ஒரு கேள்வி இன்றும் நம் செவியில் இருக்கிறது. அந்தப் பெண்மணி அழவில்லை, ஏசவில்லை, ஒரு குருவானவரை எப்படிக் கடிந்துகொள்வது என்ற மரியாதையோடுதான் கேட்டார்: "சாமி, தண்ணி எம்புட்டுக் கொண்டுபோனீக?"

நமக்குப் பதில் தெரியவில்லை. எவ்வளவு என்று நாம் எண்ணியிருக்கவே இல்லை.

ஆதியாகமத்தில் ஆகார் என்னும் தாயின் வரலாறு உண்டு. அபிரகாம் அவளுக்குக் கொஞ்சம் அப்பமும் ஒரு தோற்பை நிறையத் தண்ணீரும் கொடுத்து, மகனோடு அனுப்பிவிடுகிறார். பாலைவனத்தில் அந்தத் தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளை சாவதைக் காணச் சகியாமல், அவனை ஒரு செடியின் அடியில் கிடத்திவிட்டு, எட்டப் போய் அமர்ந்து அழுகிறாள். இறைவன் சிறுவனின் குரலைக் கேட்டு அவளுக்கு ஒரு கிணற்றைக் காட்டினார் என்று படித்து நாம் ஆறுதல் அடைகிறோம், அடையவேண்டியதுதான். ஆயினும் அந்தத் தாழ்வாரத்தில் நின்ற இரவுக்குப் பிறகு, நாம் அப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அந்த ஒற்றைத் தோற்பைதான்.

ஆகவே பிள்ளைகளிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தோம். அது எளிது. ஆனால் விண்மீன்களைக் காண விரும்பும் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைப்பது நல்ல தகப்பனுக்கு அழகன்று. "போவோம், ஆனால் எண்ணிவிட்டுப் போவோம்" என்றோம். மன்றத் தலைவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனினும் ஒரு குறிப்பேடு வாங்கி வந்தான். அடுத்த மூன்று ஞாயிறுகள் அந்தக் குறிப்பேட்டைச் சுற்றியே அமர்ந்திருந்தோம்.

முதலில் காலத்தை ஆராய்ந்தோம். நம் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் இருப்பவை; ஆனால் அது கிழக்கு மடி. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதியை மலைக்கு அப்பாலுள்ள கேரள நாடே பெற்றுக்கொள்கிறது. மலையின் ஒரு புறம் பெரியாற்றுக் காடுகள் நனைந்துகொண்டிருக்கையில், மறுபுறம் நம் ஊர்களில் வறண்ட காற்றுதான் வீசும். நமக்கு வரும் மழை பெரிதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. மலையிலிருந்து இறங்கும் நம் ஓடைகள் சனவரியில் பாடும். மார்ச்சு மாதத்தில் முனகும். மே மாதத்தில் பல ஓடைகள் வாய்மூடிவிடும். பிள்ளைகள் தேடிய பாலைவனம் இராஜஸ்தானத்தில்தான் உண்டென்பதில்லை. மே மாதத்துச் செண்பகத்தோப்பு ஓடையிலேயே அதன் சாயலைக் காணலாம். இராஜபாளையத்துக் குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. மலை பெய்தால்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிறையும் என்பதும், அது நிறையாத ஆண்டில் குழாயடியில் குடங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதும் அவ்வூர்த் தாய்மாருக்குத் தெரியும்.

இரண்டாவதாக, அந்த இடம் யாருடையது என்று பார்த்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு, நரை அணில்களைக் காப்பதற்காக 1988-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வீட்டு அணிலைவிடப் பன்மடங்கு பெரியது இந்த நரை அணில். உயர்ந்த மரங்களின் உச்சியில் கூடு கட்டி, கிளைவிட்டுக் கிளை தாவியே வாழ்வது. மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நின்றால்தான் அதற்கு வழி உண்டு. இடையில் மரம் வெட்டப்பட்டால் அதன் பாதை அறுந்துபோகும். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இக்காடு மேகமலைக் காட்டோடு இணைக்கப்பட்டு, 1,016 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது. அதற்குள் அனுமதியின்றி நுழைவதும், இரவு தங்குவதும், தீ மூட்டுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றங்கள். "யாரும் பார்க்கமாட்டார்கள், ஃபாதர்" என்று ஒருவன் மெல்லச் சொன்னான். ஒருவரும் பாராத இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதானே ஞானோபதேசத்தின் சாரம் என்று கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சட்டம் வீணாக ஏற்படவில்லை என்பதற்கு நம் காலத்திலேயே சான்றுகள் உண்டு. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றிருந்த இளைஞர்களும் பெண்களும் காய்ந்த புல்வெளியில் பரவிய காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை அரசு வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், வனத்துறையே வழிகாட்டிகளுடன் மக்களை அழைத்துச் செல்லும்படி மாநிலமெங்கும் 40 மலைப்பாதைகள் திறக்கப்பட்டன. நம் பகுதி மலைக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரி மலைக்குச் சென்ற பக்தர்கள் பலர், திடீரெனப் பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் மாண்டனர். கோடையிலும் மலைமேல் ஓர் இடிமழை பெய்தால் போதும். கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வறண்ட ஓடையில் வெள்ளம் இறங்கிவிடும். எனவே ஓடைப் படுகையிலும் அதன் தாழ்ந்த கரையிலும் ஒருநாளும் கூடாரம் அடிக்கலாகாது என்று குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதச் செய்தோம்.

இவ்வளவையும் பார்த்தபின் மே மாதம் தானாகவே கைவிடப்பட்டது. மழை ஓய்ந்து, தீப் பருவம் தொடங்குமுன் வரும் சனவரி மாதத்தில், குடியரசு நாளை ஒட்டிய ஒரு வார இறுதியை எடுத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு, இரண்டு இரவு தங்கி, ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பங்கு ஆலயத்துக்கே திரும்பிவிடுவது என்று முடிவாயிற்று.

மூன்றாவது, கூடாரம் அடிக்கும் இடம். நம் பங்கின் அன்பர் ஒருவர் மலையை ஒட்டியுள்ள தம் மாந்தோப்பைத் தருவதாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. போய்ப் பார்த்துவர மன்றத் தலைவனையும் இன்னும் இருவரையும் அனுப்பினோம். "தோப்பை மட்டும் பார்க்காதீர்கள், தோப்பில் வேலை செய்பவரைப் பாருங்கள், அங்கே குடியிருக்கும் பளியர் மக்களில் வயதானவர் ஒருவரையும் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். மாலையில் திரும்பிவந்த தலைவன் நேரே நம் அறைக்கு வந்தான். முகம் வேறாக இருந்தது. "ஃபாதர், அந்தத் தோப்பு வேலியை ஒட்டித்தான் யானைத் தடம். மாங்காய்க் காலத்தில் இரவில் உள்ளேயே வந்துவிடுமாம். காவலர் பரண்மேல்தான் படுக்கிறார். நாம் மே மாதம் போயிருந்தால்…" என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். அன்று முதல் அந்தக் குறிப்பேட்டை அவன் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

இப்போது ஊருக்கு அருகிலேயே, கிணறும் மின்விளக்கும் மருத்துவமனைக்குச் செல்லத் தார்ச்சாலையும் உள்ள ஒரு மேட்டு நிலம் கிடைத்திருக்கிறது. தென்னை மரத்தின் கீழும், பட்ட கிளை தொங்கும் மரத்தின் கீழும் கூடாரம் இராது. காட்டுக்கு வெளியேதான் என்றாலும், வனச்சரக அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்துமூலம் தெரிவிக்கிறோம். சனிக்கிழமைப் பகலில் வனத்துறையின் அனுமதி கிடைத்தால், அவர்களுடைய வழிகாட்டியோடு காட்டின் ஓரம் நடந்து நரை அணிலைப் பார்ப்போம். கிடைக்காவிட்டால் கூடாரத்தின் நிழலிலிருந்து மலையைப் பார்ப்போம்.

நான்காவது, தண்ணீர். கிணறு உண்டென்றாலும் குடிக்கும் நீரைக் கொண்டே செல்கிறோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர், முப்பது பேர், இரண்டு நாள். ஆக 240 லிட்டர். இருபது லிட்டர் கேன்களில் 12. இதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, தொடாமல் வைக்க 4. மொத்தம் 16 கேன்கள். இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். அந்தப் பதினாறு என்ற எண்ணைக் கண்டபோது நம் நெஞ்சில் என்ன ஓடியது என்பதை அந்தப் பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

தாய்மாருக்குப் பயன்படும் சில குறிப்புகளையும் இங்கே சேர்க்கிறோம். வெயிலில் ஒருவர் தளர்ந்து தலைசுற்றினால் நிழலில் படுக்கவைத்து, ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உடல் கொதித்துப் பிதற்றத் தொடங்கினாலோ அது வேறு, உயிருக்கே ஆபத்து. ஈரத்துணியால் உடலை மூடி, விசிறிக்கொண்டே உடனே மருத்துவமனை செல்லவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் நீர் ஊற்றலாகாது. பாம்பு தீண்டினால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தவறு. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108-க்கு அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரையவேண்டும். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைத் தீண்டுவது. பாயின் அடியில் நன்கு செருகப்பட்ட கொசுவலை அதற்கும் காப்பு. காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடவேண்டும்; தேள் அங்கேதான் குடியிருக்க விரும்பும். இரவில் சிறுநீர் கழிக்கப் போகும் பிள்ளை, கைவிளக்கும் துணையும் இல்லாமல் போகலாகாது.

உணவுக்கு ஆளுக்கு 500 ரூபாய் என்று முதலில் எழுதியிருந்தனர். அப்படியானால் யார் வரமாட்டார்கள் என்று கேட்டோம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மருந்துத் துணி நெசவில் கூலிக்கு இருக்கும் இரு குடும்பங்களின் பிள்ளைகளை எல்லாரும் நினைத்துக்கொண்டனர். அந்த வரி அடிக்கப்பட்டது. நம் முன்னோர் வழக்கப்படி வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறோம். முதல் இரவுக்குப் புளிச்சோறு, மறுநாள் எரிவாயு அடுப்பில் சாம்பார் சோறு, வெயிலுக்கு நீர்மோர், பசிக்கு வறுகடலையும் கருப்பட்டியும். ஸ்ரீவில்லிபுத்தூர் அன்பர் ஒருவர் பால்கோவா தருவதாக வாக்களித்திருக்கிறார். அதை முதல் மாலையிலேயே தீர்த்துவிடுவது என்பதில் மட்டும் குழுவில் கருத்து வேற்றுமையே எழவில்லை. தின்பண்டங்களைக் கூடாரத்துக்குள் வைப்பதில்லை. ஞெகிழித்தாள் ஒன்றுகூட அங்கே விட்டுவருவதில்லை. சனவரியேயானாலும் தீ மூட்டுவதில்லை. "பிறகு எதைச் சுற்றி உட்காருவது?" என்றான் ஒருவன். ஓர் அரிக்கன் விளக்கு போதும். விளக்கு சிறியதானால் விண்மீன்கள் பெரியவையாகத் தெரியும்.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. கணக்குப் போட்ட அதே சிறுமி, "ஃபாதர், தண்ணீர்க் கணக்கு மட்டும் நாங்கள் போடவேண்டும், விண்மீன் பார்க்க அண்ணன்மார் மட்டும் போகவேண்டுமா?" என்றாள். நமக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆதலின் இளைஞர் முகாமாகத் தொடங்கிய இது இப்போது குடும்ப முகாமாக மாறியிருக்கிறது. தாய்மார் ஆறு பேரும் தகப்பன்மார் ஐந்து பேரும் வருகின்றனர். சமையல் தகப்பன்மார் பொறுப்பு. இதைக் கேட்டுத் தாய்மார் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

இந்த ஏற்பாடுகளையெல்லாம் கேட்ட பங்குப் பெரியவர் ஒருவர், "என்ன சாமி, இத்தனை கணக்கா? ஆண்டவர் பார்த்துக்கொள்ளமாட்டாரா? நம்பிக்கை வேண்டாமா?" என்று கேட்டார். அவர் பக்தியுள்ளவர், மனத்தில் பட்டதைக் கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அதே சொற்களைச் சொல்லித்தான் நாம் நாற்பது பிள்ளைகளை வெயிலில் நடத்தினோம் என்பது அவருக்குத் தெரியாது.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம். மோயீசனோடு பாலைவனத்தில் நாற்பது ஆண்டுகள் கூடாரத்தில் வாழ்ந்த மக்களுக்கு இறைவன் மன்னாவைப் பொழிந்தார். அதிலும் அவர் அளவு வைத்தார் அன்றோ! தலைக்கு இவ்வளவு, கூடாரத்தில் எத்தனை பேரோ அத்தனை அளவு, ஓய்வு நாளுக்கு முந்தின நாள் இருமடங்கு. பேராசையால் மிகுதியாய்ச் சேர்த்து வைத்தது புழுத்துப்போயிற்று. இறைவனே ஆட்களை எண்ணி அளந்து கொடுக்கும்போது, நாம் எண்ணுவது அவநம்பிக்கை ஆகுமா? கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று நம் ஆண்டவரும் போதித்தார். பாலைவனத்தில் நாற்பது நாள் இருந்தபின் சோதிக்கப்பட்டபோது, தேவாலய முகட்டிலிருந்து குதித்தால் வானதூதர் தாங்குவர் என்று அவரைத் தூண்டியது யார் என்பதையும் நாம் மறக்கலாகாது. நம் கையால் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, இறைவன் காப்பார் என்று குதிப்பதற்கு நம்பிக்கை என்ற பெயர் தகாது. அவரைச் சோதிப்பது என்றே விவிலியம் அதைக் குறிப்பிடுகிறது.

இது கூடாரத்துக்கு மட்டும் உரியதன்று. மகளின் திருமணத்துக்குக் கணக்கின்றிக் கடன் வாங்கிவிட்டு ஆண்டவர் அடைப்பார் என்கிறோம். தலைக்கவசம் வீட்டில் தொங்க, மூன்று பேராய் ஒரே வண்டியில் ஏறி, அந்தோனியார் துணை என்கிறோம். முதியவர்க்கு மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று பாராமல் ஜெபமாலை மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கிறோம். ஜெபமாலை சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிட்டு எழுந்து மருந்துப் பெட்டியையும் திறந்து பார்க்கவேண்டும். அன்பு என்பதற்கு அன்றாட வாழ்வில் ஒரு பெயர் உண்டு. அதற்குக் கணக்கு என்று பெயர். தன் பிள்ளைகளில் யார் இன்னும் சாப்பிடவில்லை என்று ஒவ்வோர் இரவும் எண்ணிவிட்டே ஒரு தாய் சோற்றுப் பானையைக் கழுவுகிறாள். அவளைவிட நம்பிக்கையுள்ளவர் நம் பங்கில் யார்?

இஸ்ராயேல் மக்கள் வாக்களிக்கப்பட்ட நாட்டில் வீடு கட்டிக் குடியேறிய பின்னும், ஆண்டுதோறும் ஏழு நாள் தழைக்குடில்களில் தங்கிக் கூடாரத் திருவிழா கொண்டாடினர். கல்வீட்டில் இருப்பவன் தான் ஒருகாலத்தில் வழிப்போக்கன் என்பதை மறந்துவிடாதிருக்க அது ஏற்பட்டது. சின்னப்பர் கூடாரம் செய்தே பிழைத்தார். திருமலையில் ஆண்டவரின் மாட்சியைக் கண்ட இராயப்பர் அங்கேயே மூன்று கூடாரம் அடித்துவிட விரும்பினார். நம் பிள்ளைகளின் ஆசையும் அந்த வழியில் வந்ததுதான். இரண்டு இரவேனும் அவர்கள் சுவரில்லாத இடத்தில் உறங்கட்டும். தண்ணீரை அளந்து குடிக்கட்டும். குழாயடியில் காத்திருக்கும் தாயின் பொறுமை அவர்களுக்குப் புரியட்டும். அறையைப் பூட்டாமலும் அண்டைவீட்டாரை நம்பியிருக்கலாம் என்று கற்கட்டும்.

சென்ற வாரம் மாலையில் மன்றத் தலைவனின் தாய் நம்மைக் காண வந்தார். கணவரை இழந்தவர், ஒரே மகன். மே மாதத் திட்டத்தைக் கேள்விப்பட்டபோது அவனை அனுப்பமாட்டேன் என்று மறுத்தவர் அவர். கையில் மகனின் குறிப்பேடு இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் படித்திருக்கிறார். "சாமி, என் மகன் அவன் வாழ்க்கையில் இதுவரை எதையும் இப்படி எழுதிவைத்ததில்லை. போய் வரட்டும்" என்றார். பிறகு கதவருகே நின்று, "பதினாறு கேன் போதுமா சாமி?" என்றார்.

"போதும் அம்மா, எண்ணியிருக்கிறோம்" என்றோம்.

இந்தப் பதிலை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு தாய்க்கு நாம் சொல்லியிருக்கவேண்டும். அவர் இன்று எங்கிருந்தாலும் இறைவன் அவரையும் அவர் மகனையும் ஆசீர்வதிப்பாராக.

அருளப்பர் எழுதிய நற்செய்தியின் தொடக்கத்தில், வார்த்தையானவர் நம்மிடையே குடிகொண்டார் என்று வாசிக்கிறோமே, அங்கே கிரேக்க மூலத்திலுள்ள சொல்லுக்குக் கூடாரம் அடித்தார் என்பதே நேர்ப்பொருள். நம்மோடு கூடாரம் அடித்த அந்த ஆண்டவர் உங்கள் இல்லங்களில் என்றும் தங்கியிருப்பாராக. முகாமுக்குப் பிடியரிசி தர விரும்புவோர், அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் குறிப்பேட்டில் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். அரிசியை அளந்தே வாங்கிக்கொள்வோம்.